சிறையில் இருக்கும் மகனுக்கு உயில் எழுதினால் செல்லுமா?

கேள்வி: எனக்கு வயது 68. ஓய்வுபெற்ற ஆசிரியை. மூத்தவள் மகள், இளையவன் மகன். ஒரு தகராறில் நடந்த கொலைக்காக மகன் ஆயுள் தண்டனை பெற்று, ஆறு ஆண்டுகளாகப் பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருக்கிறான். அப்பீலும் தள்ளுபடி ஆகிவிட்டது. அவன் மனைவி ஒன்பது வயதுப் பேத்தியோடு தாய்வீட்டில் இருக்கிறாள். மாதாமாதம் என் தம்பிதான் மனு பார்க்க (சிறையில் அவனை நேரில் சந்திக்க) போய் வருகிறான். பி.எஃப். கடன் போட்டு என் பெயரில் வாங்கிய மாடி வீடு இருக்கிறது. மாடியில் வாடகை வருகிறது. வங்கியில் 9 லட்சம் ரூபாய் டெபாசிட் உண்டு. என் கணவர் அவர் சம்பாத்தியத்தில் வாங்கிய 60 சென்ட் நஞ்சையும் இருக்கிறது. அவர் உயில் எழுதாமல் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். என் மாமியார் அதற்கும் முன்பே போய்விட்டார். பிள்ளைகள் இருவருக்கும் சமமாகக் கொடுக்க ஆசைப்படுகிறேன். ‘ஜெயிலில் இருப்பவனுக்கு எழுதினால் செல்லாது, சர்க்கார் எடுத்துக்கொள்ளும்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். ‘எல்லாவற்றையும் மகள் பெயரில் எழுதுங்கள், அவன் வந்ததும் கொடுத்துவிடுகிறோம்’ என்கிறார் மருமகன். அவர் சொல்லித்தான் வாரிசுச் சான்றிதழிலும் மகன் பெயரைப் போடவில்லை. இறந்தவர் குடும்பம் பின்னால் வந்து சொத்தைக் கேட்குமோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அம்மா, வீட்டைப் பற்றி அப்புறம் பேசலாம். போகிற போக்கில் வாரிசுச் சான்றிதழைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேதான் நின்றது.

உங்கள் கணவர் உயில் எழுதவில்லை. அப்படியானால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்து மனைவி, மகள், மகன் மூவருக்கும் சமபங்கு. 60 சென்ட் நஞ்சையில் மூன்றில் ஒரு பங்கு, கணக்குக்கு 20 சென்ட், அவர் கண் மூடிய நிமிடமே உங்கள் மகனுடையதாகிவிட்டது. அப்போது அவர் சிறையில் இருந்தார் என்பதால் எதுவும் மாறாது. பட்டாவில் பெயர் ஏறாததாலும் சான்றிதழில் பெயர் இல்லாததாலும் அந்த உரிமை போய்விடாது. ஜெயிலில் இருப்பவனுக்குச் சொத்து சேருமா என்று ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் மூன்று வருடத்துக்கு முன்பே சேர்ந்துவிட்டது.

அதே சட்டத்தின் 25-வது பிரிவு, கொலை செய்தவர் தான் கொன்றவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது. அந்தச் சொத்து தன் கைக்கு வர வேண்டும் என்பதற்காக இன்னொருவரைக் கொன்றாலும் அப்படியே. 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கு நம் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். அப்பாவைக் கொன்ற மகனின் மனைவி, கணவர் வழியாக மாமனார் சொத்தில் பங்கு கேட்டார். அந்த மகன் அப்பாவுக்கு முன்பே இறந்துவிட்டதாகத்தான் கணக்கு, ஆகவே அவர் வழியாக யாரும் எதையும் கேட்க முடியாது என்றது நீதிமன்றம். உங்கள் மகன் வழக்கில் இறந்தவர் வெளியாள். அவர் சொத்துக்கும் உங்கள் குடும்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. எனவே அந்தப் பிரிவு உங்கள் வாசலுக்கு வராது. இந்தச் சட்டத்தில் சொன்ன காரணங்களைத் தவிர வேறு எதற்காகவும் ஒருவரின் வாரிசுரிமையைப் பறிக்கக் கூடாது என்று 28-வது பிரிவு தனியாகவே சொல்லி வைத்திருக்கிறது.

அப்படியென்றால் ‘சர்க்கார் எடுத்துக்கொள்ளும்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? சும்மா வந்ததல்ல. இந்திய தண்டனைச் சட்டத்தில் ஒரு காலத்தில் 61, 62 என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. குற்றவாளியின் சொத்தைப் பறிமுதல் செய்வதைப் பற்றியவை. 1921-இல் இரண்டையும் நீக்கிவிட்டார்கள். அந்தத் தண்டனைச் சட்டமே போய், 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. திண்ணையில் மட்டும் அந்தப் பழைய பிரிவுகள் இன்னும் அமலில் இருக்கின்றன! (நிதி நிறுவன மோசடி, போதைப்பொருள் வழக்குகளில் சொத்து முடக்கத்துக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. அந்த மாதிரி வழக்கு உள்ள வாசகர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

ஆகவே முதல் வேலை, வாரிசுச் சான்றிதழைத் திருத்துவது. மகன் பெயர் விடுபட்டிருக்கிறது, சேர்த்துத் திருத்திய சான்றிதழ் வேண்டும் என்று தாசில்தாருக்கு எழுதுங்கள். அவர் மறுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். நஞ்சைப் பட்டா இப்போது உங்கள் பெயரிலும் மகள் பெயரிலும் மாறியிருந்தால், அதையும் மூன்று பெயரில் கூட்டுப் பட்டாவாக மாற்றக் கேளுங்கள். சங்கடமான வேலைதான். மருமகன் முகம் சுளிக்கலாம். ஆனாலும் நீங்கள் இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. நீங்கள் போன பிறகு இதே திருத்தத்தை உங்கள் மகன் உள்ளே இருந்துகொண்டு, அக்காவுக்கு எதிராகக் கேட்க வேண்டியிருக்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்னிடம் வழக்குக்கு வந்த ஒரு கட்சிக்காரரை நினைத்துத்தான். ஊர் பெயர் வேண்டாம். பதினான்கு வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். உள்ளே போன இரண்டாம் வருடம் அப்பா இறந்தார். அண்ணன்மார் இவர் பெயரை விட்டுவிட்டு வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவை மாற்றி, அடுத்த வருடமே நிலத்தை விற்றுவிட்டார்கள். இவர் வெளியே வந்து பார்த்தபோது அந்த இடத்தில் நெல் குடோன் நின்றது. வழக்குப் போட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து கேட்ட முதல் கேள்வி: ‘உங்கள் பங்கு இல்லை என்று உங்களுக்கு எப்போது தெரியும்?’ இவர் வெள்ளந்தியாக, ‘நிலத்தை வித்தாச்சுன்னு மனு பார்க்க வந்தப்பவே அண்ணன் சொன்னார்’ என்றார். அந்த மனு நடந்து, நாங்கள் வழக்குப் போடுவதற்குள் பன்னிரண்டு வருடம் தாண்டியிருந்தது. தன் பங்கு மறுக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது காலவரையறைச் சட்டம். மைனர், மனநிலை சரியில்லாதவர் போன்றவர்களுக்குத்தான் அந்தக் கடிகாரம் காத்திருக்கும். சிறையில் இருப்பவருக்குக் காத்திருக்காது. கடைசியில் வாங்கியவர் கொடுத்த சொற்பத் தொகைக்குச் சமாதானம் ஆனோம். பணத்தை வாங்கும்போது அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

சரி, இப்போது வீட்டுக்கு வருவோம். அது உங்கள் சுயசம்பாத்தியம். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், ஒரு பிள்ளைக்குக் கொடுத்து இன்னொன்றுக்கு இல்லையென்றும் சொல்லலாம். உயிலே எழுதாமல் விட்டாலும் மகளுக்குப் பாதி, மகனுக்குப் பாதிதான். நீங்கள் விரும்பும் சமபங்கு தானாகவே வந்துவிடும். அப்படியானால் உயில் எதற்கு? உங்களுக்குப் பிறகு வீட்டுச் சாவி யார் கையில், மாடி வாடகையை யார் வாங்குவது, வீட்டு வரியை யார் கட்டுவது? உங்கள் மகனால் சிறையிலிருந்து இந்த மூன்றில் ஒன்றையும் செய்ய முடியாது. உயில் இதற்குத்தான் வேண்டும்.

மருமகன் சொல்லும் வழி பார்க்க எளிதாக இருக்கிறது. அவர் மனதில் கள்ளம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, மனப்பூர்வமாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் மகள் பெயரில் முழு உரிமையாக எழுதிய பிறகு வீடு மகளுடையது. ‘தம்பி வந்ததும் கொடுத்துவிடு’ என்று வாயால் சொன்னது கோர்ட்டில் நிற்காது. அசையாச் சொத்தை இன்னொருவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறேன் என்றால் அது பதிவு செய்த பத்திரத்திலோ உயிலிலோ எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டமே சொல்கிறது. இன்னொன்றையும் யோசியுங்கள். கடவுள் புண்ணியத்தில் அப்படி நடக்க வேண்டாம், ஆனால் உங்கள் மகளுக்கு முன்னே பின்னே ஏதாவது ஆகி, அவர் உயில் எழுதாமல் இருந்தால், வீடு போவது அவர் கணவருக்கும் பிள்ளைகளுக்கும்தான். தம்பி அந்த வரிசையிலேயே வரமாட்டார். வாக்குக் கொடுத்தவர் இருக்கமாட்டார், வாங்கிய நீங்களும் இருக்கமாட்டீர்கள்.

இப்போதே தான செட்டில்மெண்ட் எழுதிவிடுங்கள் என்று பத்திரம் எழுதுபவர் யாராவது சொன்னாலும் தலையாட்டாதீர்கள். அதைப் பதிவு செய்துவிட்டால் உங்கள் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. குடியிருக்கும் கூரையை 68 வயதில் கைமாற்றிவிட வேண்டிய அவசியம் என்ன? உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

உயிலில் ஒரு வாக்கியத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். ‘என் மகன் விடுதலையாகி வந்தால் இந்த வீட்டில் பாதி அவனுக்கு’ என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். நீங்கள் காலமாகும் நாளில் மகன் உள்ளேயே இருந்தால், நிபந்தனை நிறைவேறவில்லை, பங்கு கிடையாது என்று வாதாட அந்த ‘வந்தால்’ வழி திறந்துவிடும். எப்போது வருவார் என்று நாமும் சொல்ல முடியாது. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை என்றால் சாதாரணமாக 14 ஆண்டு முடியாமல் முன்விடுதலை கிடையாது. ஆளுநரின் மன்னிப்பு அதிகாரத்தில் அரசு சிலரை அதற்கு முன்னும் விட்டிருக்கிறது. எதையும் நம்பித் தேதி போட முடியாது. அதனால் உரிமை உடனே சேர வேண்டும், கையில் ஒப்படைப்பது மட்டும் தள்ளிப் போக வேண்டும். கிட்டத்தட்ட இப்படி எழுதச் சொல்லுங்கள்:

“மேற்படி வீட்டில் சரிபாதி என் ஆயுளுக்குப் பின் உடனே என் மகனுக்குச் சர்வ சுதந்திர பாத்தியமாகச் சேர வேண்டியது. அவன் சிறையில் இருக்கும் காலம்வரை அவன் பாகத்தை இந்த உயிலின் நிர்வாகியும் டிரஸ்டியுமான என் தம்பி பராமரித்து, வாடகை வசூலித்து, வரி கட்டி, கணக்கு வைத்து, அவன் விடுதலையானதும் ஒப்படைக்க வேண்டியது. அந்தப் பாகத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ நிர்வாகிக்கு அதிகாரம் இல்லை. எனக்கு முன் என் மகன் காலமாகிவிட்டால் அவன் பாகம் என் பேத்தியைச் சேர வேண்டியது.”

பத்திர எழுத்தர் இதைத் தன் பாணியில் ‘நாளது தேதியில் பூரண ஞாபக சக்தியுடன்’ என்று ஆரம்பித்து நீட்டுவார், நீட்டட்டும். ‘உடனே’ என்ற சொல் மட்டும் விழுந்துவிடக் கூடாது.

நிர்வாகியாக உங்கள் தம்பியைச் சொல்வதற்குக் காரணம், அவருக்கு அந்த வீட்டில் பங்கு இல்லை, மகனை மாதாமாதம் பார்ப்பவரும் அவர்தான். தாய்மாமன் என்ற முறையில் அக்கா தம்பி இருவரிடமும் பேச்சு எடுபடும். ஆனால் அவருக்கும் வயதாகும். அவரால் முடியாமல் போனால் அடுத்து யார் என்று இளைய வயதுக்காரர் ஒருவரின் பெயரையும் உயிலிலேயே போடுங்கள். மகளையும் கூட்டு நிர்வாகியாகப் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். ஒளித்துச் செய்யும் காரியம் இல்லை இது. மகன் பாகத்து வாடகையிலிருந்து பேத்தியின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டச் சொல்லி ஒரு வரி சேர்க்கவும் நான் சொல்வேன். மனைவியும் குழந்தையும் ஜீவனாம்சம் கேட்டால் அவர் சொத்து எப்படியும் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் பாட்டியே ஏற்பாடு செய்துவிட்டுப் போனால் மகனுக்கும் நிம்மதி.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயம் இல்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் பதிவு செய்துவிடுங்கள். நாளைக்கு ‘அம்மா சுயநினைவோடு எழுதவில்லை’ என்ற பேச்சு வந்தால் சார்பதிவாளர் முன் நீங்கள் வைத்த கையெழுத்தும் ரேகையும் பெரிய பலம். சாட்சிகள் இரண்டு பேர், உங்களைவிட வயதில் நன்றாக இளையவர்களாக, உயிலில் எந்த லாபமும் இல்லாதவர்களாக இருக்கட்டும். உயிலைக் கோர்ட்டில் நிரூபிக்க அந்தச் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். உங்கள் வயதுத் தோழிகளைக் கூப்பிட்டால் அன்றைக்கு அவர்கள் இருப்பார்களோ என்னவோ. உங்கள் மாவட்டத்து வீட்டுக்குப் புரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

வங்கி டெபாசிட்டில் நாமினி யார் என்று பாருங்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்க்க வேண்டியவர், உரிமையாளர் அல்ல. 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று வந்திருக்கிறது. மகளையும் தம்பியையும் ஆளுக்குப் பாதி என்று போட்டு, மகன் பாதியைத் தம்பி என்ன செய்ய வேண்டும் என்பதை உயிலில் எழுதுங்கள். மகனையே நாமினியாகப் போட்டால் கிளெய்ம் படிவத்தோடு அவர் எப்படி வங்கிக்கு வருவார்? அந்தத் தொகையை ஜெயிலில் கட்டவும் முடியாது. சிறைக்குள் கைதியின் பெயரில் வைக்கும் பிசிபி கணக்கு கேண்டீன் செலவுக்கானது, அதற்கு வரம்பு உண்டு. அவர் பெயரில் பழைய சேமிப்புக் கணக்கு எங்காவது இருந்தால் அதையும் விசாரியுங்கள். பத்து ஆண்டு யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். பிறகு கேட்டு வாங்கலாம், அலைச்சல்தான்.

நஞ்சையில் அவருக்கு இப்போதே பங்கு இருப்பதால், குத்தகை, பட்டா வேலைகளுக்கு அவரிடமிருந்து உங்கள் தம்பிக்கு ஒரு பவர் (அவர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) வாங்குவது உத்தமம். ‘அவனை எப்படி ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டி வருவது’ என்று கவலைப்படாதீர்கள். சிறையில் இருப்பவர் பதிவு அலுவலகத்துக்கு நேரில் வரத் தேவையில்லை என்று 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. சார்பதிவாளர் சிறைக்குப் போகலாம், அல்லது தன் சார்பில் ஒருவரை நியமித்து (கமிஷன்) அனுப்பலாம். சிறைக் கண்காணிப்பாளருக்கும் சார்பதிவாளருக்கும் முன்கூட்டியே மனுக் கொடுக்க வேண்டும். நானே ஒரு முறை அப்படிப் போயிருக்கிறேன். ஜெயிலர் அறையில் பெஞ்சைத் துடைத்துப் போட்டார்கள். எல்லாம் தயார், ரேகை வைக்கும் இங்க் பேட் மட்டும் காய்ந்து கிடந்தது. வார்டர் ஒருவர் ஓடிப் போய் ஜெயில் ஆபீஸ் பேடை எடுத்து வந்தார். ‘உள்ளே வந்த அன்னைக்கு வெச்ச அதே மைதான்’ என்று சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார் அந்தக் கைதி. பவரில் பராமரிப்பு, குத்தகை, வரி, அரசு அலுவலக வேலை இவை மட்டும் இருக்கட்டும். விற்பனை அதிகாரம் வேண்டாம்.

இறந்தவர் குடும்பத்தைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். அவர்கள் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடுவதென்றால் மரணம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் போட்டிருக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்படி எந்தச் சம்மனும் வந்ததாக நீங்கள் எழுதவில்லை. ஆனால் தீர்ப்பு நகலை எடுத்து அபராதம் எவ்வளவு, நஷ்டஈடு கொடுக்கச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். அபராதம் பாக்கி இருந்தால், தண்டனைக் காலம் முடியும்வரை அதை அவர் சொத்திலிருந்து வசூலிக்க முடியும். உயில் மூலம் அவருக்குச் சேரும் பங்கும் அவர் சொத்துதான். பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய்தான் இருக்கும். கட்டி ரசீதை வாங்கித் தீர்ப்பு நகலோடு சேர்த்து வையுங்கள்.

இதெல்லாம் மகனுக்குத் தெரியுமா என்று கடிதத்தில் இல்லை. அடுத்த மனுவுக்கு உடம்பு இடம் கொடுத்தால் தம்பியோடு நீங்களும் ஒரு நடை போய் வாருங்கள். உயிலைப் பற்றி விலாவாரியாகப் பேச அங்கே நேரம் இருக்காது. நஞ்சையில் அவருக்குப் பங்கு இருக்கிறது, மாமாவுக்குப் பவர் கொடுக்க வேண்டும், உயிலில் மாமாதான் நிர்வாகி, இந்த மூன்றை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். வரும் வழியில் தாலுகா ஆபீஸ் திறந்திருந்தால் அந்தத் திருத்த மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.